முள் சிவப்பைத் தொட்ட பிறகு எத்தனை கிலோமீட்டர்?

அப்பாவின் புல்லட்டில் பெட்ரோல் அளவு காட்டும் முள் கிடையாது. காலையில் மூடியைத் திறந்து, வண்டியை இடுப்பால் ஓர் ஆட்டு ஆட்டி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். "சத்தியமங்கலம் போய்ட்டு வந்தரலாம்" என்பார், இல்லையென்றால் "முதல்ல பங்குக்கு விடு" என்பார். அவர் வழியில் நின்றதாக எனக்கு நினைவில்லை. 2018இல் நான் வாங்கிய ஹிமாலயன் பைக்கில் முள் இருந்தது. அப்பா காதை நம்பியதைவிட அதிகமாக நான் முள்ளை நம்பினேன். திம்பம் மலைப்பாதையில் நின்றது அதனால்தான்.

பண்ணாரி தாண்டினால் திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகக் காடு, யானை நடமாட்டம் உள்ள சாலை. சிவப்பைத் தொட்டபின் 100 கிலோமீட்டர் ஓடும் என்று யாரோ சொன்னதை வைத்து, இரண்டு நாளாக கோபிச்செட்டிபாளையத்துக்குள்ளேயே சிவப்பில் ஓட்டிவிட்டு அப்படியே மலை ஏறினேன். பாதி வளைவுகளைத் தாண்டியதும் இரண்டு முறை இழுத்துக்கொண்டு வண்டி நின்றது. சாலையோரத்தில் காயாத யானைச் சாணம் கிடந்தது. பின்னால் வந்த பையன்கள் இருவரில் ஒருவன், "அக்கா, ஒரு நிமிசம் புடிங்க" என்று வண்டியை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினான். டேங்குக்குள் சளக் என்று சத்தம் கேட்டது. ஸ்டார்ட்டரைத் தொட்டதும் எஞ்சின் ஓடியது. அந்த ஒரு மடக்குப் பெட்ரோலிலும், அவர்கள் டியூப் விட்டு எடுத்துக் கொடுத்த அரை லிட்டரிலும் திரும்பி சத்திக்கு இறங்கி வந்தேன்.

அந்தச் சளக் சத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. பைக் டேங்க் குடம் மாதிரி ஒரே வயிறு கொண்ட பாத்திரம் இல்லை. வண்டிச் சட்டத்தின் (ஃபிரேம்) முதுகுக்குழாய் நடுவே போக வேண்டும் என்பதால் அடிப்பகுதி மேடாக எழும்பி, இரண்டு பக்கமும் இரண்டு பைகளாகத் தொங்கும். கழுதை முதுகில் பொதி போட்ட மாதிரி. பெட்ரோல் அந்த மேட்டுக்கு மேலே இருக்கும்வரை ஒரே குளம். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் இரண்டு தனிக் குட்டைகள். எஞ்சினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் பம்போ குழாயோ ஒரு குட்டையிலிருந்துதான் எடுக்கும். மற்றதில் கிடப்பது கிடந்தபடியே கிடக்கும். இரண்டையும் கீழே ஒரு குழாயால் இணைத்த டேங்குகளும் உண்டு, அவற்றுக்கு இந்தக் கவலை குறைவு.

அடுத்தது முள். முள்ளுக்குப் பெட்ரோலின் அளவு தெரியாது, மிதவையின் உயரம்தான் தெரியும். டேங்குக்குள் ஒரு கம்பி நுனியில் மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்கும்போது மின்தடை மாறும், அதைத்தான் முள் காட்டுகிறது. டேங்க் மேலே அகலம், கீழே குறுகல். ஆகவே மிதவை ஒரு விரல் இறங்கினால் மேலே இரண்டு லிட்டராகவும் கீழே முக்கால் லிட்டராகவும் இருக்கலாம். மிதவை மேலே முட்டி நிற்கும்வரை எவ்வளவு செலவானாலும் முள் அசையாது. மலை ஏறும்போது பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கும், இறங்கும்போது முன்பக்கம். சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் ஒதுங்கும். எனவே முள்ளைச் சமதரையில், வண்டி நேராக நிற்கும்போது மட்டும் பாருங்கள். சாவி போட்டதும் முள் நிதானமாகத்தான் ஏறும், ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரே வழி, உங்கள் டேங்கை நீங்களே ஒருமுறை அளந்துவிடுவது. ஒரு காலை நேரம் போதும், வாழ்நாள் முழுக்க உதவும். வண்டியை முள் சிவப்பைத் தொடும்வரை ஓட்டுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் தெரிந்த பங்குக்குப் போங்கள். நான் காலை ஆறு மணிக்குப் போனேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, "ஒவ்வொரு லிட்டரா போடணும் தம்பி" என்றேன். "எதுக்குங்க அக்கா?" என்றான். விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கே ஆர்வம் வந்துவிட்டது, "அப்ப பொறுமையா போடலாங்க" என்று நின்றான். ஒரு லிட்டர் போட்டதும் குழாயை எடுத்து, மூடியை மூடி, சாவியைத் திருப்பி, முள் நிற்குமிடத்தை நோட்டில் குறித்தேன். மறுபடி அணைத்து அடுத்த லிட்டர். பங்க் குழாயின் முனை தானாக முதல்முறை 'டக்' என்று நிற்கும்வரை இப்படியே.

என் வண்டிக்குக் கிடைத்த கணக்கைச் சொல்கிறேன். உங்களுடையது வேறாக இருக்கும், ஆனால் இதன் கோணல் எல்லோருக்கும் பொது. டேங்கின் கொள்ளளவு 15 லிட்டர், போனது 11. அப்படியென்றால் முள் சிவப்பைத் தொட்டபோது உள்ளே சுமார் 4 லிட்டர் இருந்திருக்கிறது. முதல் இரண்டு லிட்டருக்கு முள் சிவப்பைவிட்டு அசைந்த மாதிரியே தெரியவில்லை. நான்காவது லிட்டரில் பாதிக்கு வந்துவிட்டது. எட்டாவது லிட்டரிலேயே 'ஃபுல்'. மிச்சம் மூன்று லிட்டரும் உள்ளே போனது முள்ளுக்குத் தெரியவே இல்லை. அதாவது டேங்க் நிரப்பியதும் 80 கிலோமீட்டருக்கு மேல் முள் ஃபுல்லிலேயே நிற்கும், "நல்ல மைலேஜ் கொடுக்குதே" என்று தோன்றும். பாதிக்குக் கீழே வந்ததும் சரசரவென்று சரியும். இப்போது எனக்கு இரண்டுமே ஆச்சரியம் இல்லை.

அந்த 4 லிட்டர் முழுவதும் கைக்கு எட்டாது. பம்ப் எடுக்க முடியாமல் கிடக்கும் மிச்சத்துக்காக ஒரு லிட்டரை நான் கணக்கிலிருந்து கழித்துவிடுவேன். ஆக சிவப்புக்குப் பின் எனக்கு 3 லிட்டர். மலையில் லிட்டருக்கு 26 என்றால் 78 கிலோமீட்டர். 100 இல்லை.

அதே நாளில் ஒரு குச்சியையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். தென்னை ஈர்க்கு நன்றாக இருக்கும், மெலிதாக வழவழவென்று செதுக்கிய மூங்கில் சிம்பும் போதும். இரும்புக் கம்பி வேண்டாம். ஒவ்வொரு லிட்டருக்குப் பிறகும் மூடி வாயில் நேராக விட்டு எடுத்து, ஈரம் நிற்குமிடத்தில் நகத்தால் கோடு போடுங்கள். பெட்ரோல் கண்ணெதிரே காய்ந்துவிடும், எடுத்ததும் பார்க்க வேண்டும். ஒன்று கவனம்: குச்சி பல வண்டிகளில் நடுமேட்டில் போய் முட்டும். அங்கே உலர்ந்து வந்தால் டேங்க் காலி என்று அர்த்தமில்லை, பெட்ரோல் இரண்டு பைகளுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். குச்சி கணக்கு பாதி டேங்குக்கு மேலேதான் நம்பகமானது. இரவில் பார்ப்பதானால் டார்ச் லைட். தீக்குச்சி, லைட்டர் பக்கமே போகக் கூடாது.

சரி, லிட்டர் தெரிந்துவிட்டது. லிட்டருக்கு எவ்வளவு ஓடும்? இதற்கு நிரப்பிலிருந்து நிரப்பு வரை கணக்கிடுவதுதான் சரி. அதே பங்க், அதே ஸ்டாண்ட், முதல் 'டக்' வந்ததும் நிறுத்தம், டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கல். அடுத்த முறை போட்ட லிட்டரால் ஓடிய தூரத்தை வகுங்கள். ஒரு முறை போதாது, மூன்று முறையாவது பாருங்கள். சமவெளியில் 80 வேகத்தில் என் வண்டி 30 கொடுக்கும். பெட்டிகளும் பின்னால் ஓர் ஆளும் இருந்தால் 27. ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்றில் ஒருமுறை 24தான் வந்தது. அந்தக் காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. பயணத்துக்குக் கணக்குப் போடும்போது சராசரியை எடுக்காதீர்கள், அந்த மாதிரிப் பாதைக்கு நோட்டில் இருப்பதிலேயே மோசமான எண்ணை எடுங்கள்.

2019இல் மணாலியிலிருந்து லே போனபோது இந்த நோட்டுதான் எனக்குத் துணை. கேலாங்குக்கு முன்னால் டாண்டி பங்கில் அப்போது ஒரு பலகை இருந்தது: அடுத்த பங்க் 365 கிலோமீட்டர். பயன்படும் 14 லிட்டரை, ஏற்றமும் சுமையும் சேர்த்து 25ஆல் பெருக்கினேன். 350 வந்தது. பதினைந்து கிலோமீட்டர் குறைகிறது. முள் 'ஃபுல்' என்று காட்டிக்கொண்டிருந்தது, முள்ளை மட்டும் பார்த்திருந்தால் கிளம்பியிருப்பேன். 5 லிட்டர் கேன் கட்டிக்கொண்டேன். உயரம் ஏறஏறக் காற்றழுத்தம் குறைந்து மூடிய கேன் உப்பும், ஆகவே முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், திறக்கும்போது மெல்லத் திறங்கள். பாங் என்ற இடத்தில் கேனை டேங்கில் கவிழ்த்தேன். லேயில் இறங்கியபோது முள் சிவப்புக்குச் சற்றுத்தான் மேலே நின்றது.

அந்தப் பயணத்தில் ஜிஸ்பா என்ற ஊரில் ஒரு விடியற்காலை டேங்கின் மேல் மெல்லிய உறைபனி படிந்திருந்தது. மேல்பகுதியில் மட்டும், ஒரு கோட்டோடு நின்றிருந்தது. கோட்டுக்குக் கீழே வெறும் ஈரம். உள்ளே பெட்ரோல் இருக்கும் இடத்தில் தகடு அவ்வளவு சீக்கிரம் குளிர்வதில்லை. வீட்டில் கேஸ் சிலிண்டர் மேல் ஈரத்துணியால் துடைத்து, எதுவரை சீக்கிரம் காய்கிறது என்று அம்மா பார்ப்பார்களே, அதே சங்கதி. வெயிலில் நின்ற வண்டியிலும் இது வேலை செய்யும்: டேங்கின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே புறங்கையை நகர்த்துங்கள், சூடு சட்டென்று தணியும் இடம் ஏறக்குறைய பெட்ரோல் மட்டம். தட்டிப் பார்ப்பதும் உதவும். காலி இடம் 'டங்' என்று ஒலிக்கும், பெட்ரோல் இருக்கும் இடம் மொத்தையாக. அப்பா மாதிரி ஆட்டிக் கேட்பதென்றால், முழு டேங்கும் சத்தம் போடாது, ஏறக்குறையக் காலியானதும் போடாது. சத்தம் இடையில்தான். இவையெல்லாம் முள் பழுதான நாளுக்கு, லிட்டர் கணக்குக்கு அல்ல.

நின்றேவிட்டால் முதலில் வண்டியைச் சாலையோரம் ஒதுக்குங்கள். பிறகு எடுக்கும் பக்கமாக, அதாவது பம்ப் அல்லது குழாய் இருக்கும் பக்கமாக, நன்றாகச் சாய்த்து நிமிர்த்துங்கள். எதிர்ப்பக்கப் பையில் கிடப்பது மேட்டைத் தாண்டி வரும். ஹிமாலயன் 200 கிலோவுக்குப் பக்கத்தில் எடை, தனியாகச் சாய்க்காதீர்கள், இன்னொருவர் பிடிக்கட்டும். பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் குழாயை ரிசர்வுக்குத் திருப்புங்கள். பெட்ரோல் போட்டதும் மறக்காமல் 'ஆன்' நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் நிற்பீர்கள். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் ரிசர்வ் குழாய் கிடையாது. பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி, அதனாலேயே குளிர்ந்து ஓடுவது. வறண்ட டேங்கில் அடிக்கடி ஓட்டினால் பம்ப் கெடும், செலவு பெரிது. மீட்டியார் போன்ற சில வண்டிகளில் பெட்ரோல் குறைந்ததும் 'டிரிப் எஃப்' என்று தானாகத் தூரம் எண்ணத் தொடங்கும். அது நல்ல வசதி, ஆனால் ஓடிய தூரத்தைத்தான் அது சொல்லும், மிச்சத்தை நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

கழுத்துவரை தளும்பத் தளும்ப நிரப்புவதும் வேண்டாம். பத்து டிகிரி சூடேறினால் பெட்ரோல் ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும், 15 லிட்டரில் 150 மில்லி. பூமிக்கடியில் குளிர்ந்து கிடந்ததை நிரப்பி ஈரோட்டு வெயிலில் நிறுத்தினால் வழியும். புது வண்டிகளில் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய் அது பாழாகும்.

என் டேங்க் பையின் உள்பக்கம் ஒரு வெள்ளை டேப் ஒட்டி மூன்று எண்களை எழுதி வைத்திருக்கிறேன்: சிவப்புக்குப் பின் 3 லிட்டர், மலையில் 26, சமவெளியில் 30. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் எங்கள் பங்குக்கு வந்த பிறகு மறுபடி மூன்று நிரப்புகள் எண்ணிப் பார்த்தேன். 30ஐ அடித்துவிட்டு 28 என்றும், 26ஐ அடித்துவிட்டு 24 என்றும் எழுதினேன். முதல் எண் அப்படியேதான் இருக்கிறது.