ஈவ் ஆன்லைன்: சண்டைக்குப் போகும் ஃப்ரிகேட்டில் செய்யக்கூடாத தவறுகள்

விண்கப்பல் கேமான ஈவ் ஆன்லைனில் இன்னொரு பிளேயரோடு மோதுவதற்கு ஒரு டெக் 1 ஃப்ரிகேட்டை, அதாவது அடிப்படை வகைச் சிறிய போர்க்கப்பலை, தயார் செய்கிறீர்களா? ஒரே ஒரு கேள்வியை முதலில் முடிவு செய்துவிடுங்கள். இந்தக் கப்பல் எவ்வளவு தூரத்தில் நின்று அடிக்கப் போகிறது? புதிதாக வருகிறவர்களின் ஃபிட்டிங்கில் (கப்பலில் மாட்டும் ஆயுதங்கள், கருவிகளின் தொகுப்பில்) பார்க்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவைதான்.

மெர்லின் என்ற ஃப்ரிகேட்டில் கிட்டத்தில் அடிக்கும் பிளாஸ்டர் துப்பாக்கிகளைப் போட்டு, கூடவே எதிரி வார்ப் ஆகி (அதிவேகத்தில் தப்பி) ஓடாமல் பிடித்து வைக்கும், 24 கிலோமீட்டர் எட்டும் டெக் 2 (மேம்பட்ட வகை) வார்ப் டிஸ்ரப்டரையும் மாட்டுகிறார்கள். ஆன்டிமேட்டர் குண்டு போட்ட சிறிய பிளாஸ்டர் தன் முழு பலத்தைக் காட்டுவது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள். அப்படியிருக்க, 24 கிலோமீட்டரில் எதிரியைப் பிடித்து வைத்து என்ன பயன்? அவர் அங்கிருந்தபடியே லைட் மிசைலால் அடித்துக்கொண்டிருப்பார், உங்கள் குண்டு ஒன்றுகூடப் போய்ச் சேராது. நெருங்கி அடிக்கிற கப்பலுக்கு வேண்டியது வார்ப் ஸ்க்ராம்ப்ளர். டெக் 2 ஸ்க்ராம் எட்டுவது 9 கிலோமீட்டர்தான், ஆனால் அது எதிரியை வார்ப் ஆக விடாமல் தடுப்பதோடு அவருடைய அதிவேக இன்ஜினான மைக்ரோவார்ப்டிரைவையும் அணைத்துவிடும். டிஸ்ரப்டரால் அந்த இரண்டாவது வேலை ஆகாது.

ஸ்க்ராமோடு ஸ்டேசிஸ் வெப் ஒன்றும் இருக்கட்டும். 10 கிலோமீட்டருக்குள் இருக்கிற எதிரியின் வேகத்தை டெக் 2 வெப் 60 சதவீதம் குறைத்துவிடும். வெப் இல்லாத பிளாஸ்டர் கப்பலை ராக்கெட் போட்ட கெஸ்ட்ரல் ஃப்ரிகேட் எப்படிக் கையாளும் என்று பாருங்கள். ஸ்க்ராம் வட்டத்தின் ஓரத்திலேயே, ஏழு எட்டு கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டு, உங்களை நெருங்கவும் விடாது, ஓடவும் விடாது. பிளாஸ்டர்கள் சும்மா சுட்டுக்கொண்டிருக்கும், உங்கள் ஷீல்டு மட்டும் கரைந்துகொண்டே போகும். அந்தச் சண்டை ஹேங்கரில் மாட்யூல் மாட்டும்போதே தோற்றுப்போனது.

இன்ஜினையும் இதே கணக்கில்தான் எடுக்க வேண்டும். மைக்ரோவார்ப்டிரைவ் பயங்கர வேகம் கொடுக்கும், ஆனால் ஓடும்போது கப்பலின் சிக்னேச்சர் (எதிரியின் ஆயுதங்களுக்கு அது தெரியும் அளவு) ஆறு மடங்காகப் பெருகும், கப்பலின் மின்சேமிப்பான கெப்பாசிட்டரையும் குடிக்கும். ஸ்க்ராம் வட்டத்துக்குள் போனால் அது செத்த எடை. ஆஃப்டர்பர்னர் மெதுவானது, ஆனால் ஸ்க்ராம் விழுந்தாலும் ஓடும். நெருங்கி அடிப்பவர் என்றால் ஆஃப்டர்பர்னர் நல்ல தேர்வு. 20 கிலோமீட்டரிலேயே நின்று கைட் செய்கிற, அதாவது எதிரியை நெருங்க விடாமல் எட்டி இருந்தே அடிக்கிறவருக்கு மைக்ரோவார்ப்டிரைவ் இல்லாமல் பிழைப்பில்லை.

அடுத்த தவறு, கப்பலின் வெளிக்காப்பான ஷீல்டையும் அதற்குள் இருக்கும் கவசமான ஆர்மரையும் சேர்த்துப் பலப்படுத்துவது. மிட் ஸ்லாட்டில் (ஸ்லாட் என்பது மாட்யூல் மாட்டும் இடம்) ஒரு ஷீல்டு எக்ஸ்டெண்டர், லோ ஸ்லாட்டில் ஒரு ஆர்மர் ரிப்பேரர். பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் எதிரி முதலில் ஷீல்டை முழுக்கக் கரைத்த பிறகுதான் ஆர்மரைத் தொடுவார். இரண்டுமே அரைகுறையாக இருந்தால் இரண்டுமே சீக்கிரம் போய்விடும். கப்பலே எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். மெர்லினுக்கு ஸ்கில் லெவலுக்கு 4 சதவீதம் ஷீல்டு ரெசிஸ்டன்ஸ் கிடைக்கிறது, இன்கர்சஸ் என்ற ஃப்ரிகேட்டுக்கு லெவலுக்கு 7.5 சதவீதம் ஆர்மர் ரிப்பேர் கூடுகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்ற ஸ்லாட்டுகள் விடுதலையாகும். ஆர்மர் கப்பலின் மிட் ஸ்லாட்டுகள் ஸ்க்ராமுக்கும் வெப்புக்கும் இன்ஜினுக்கும் போகும், ஷீல்டு கப்பலின் லோ ஸ்லாட்டுகள் டேமேஜ் மாட்யூலுக்குப் போகும். டேமேஜ் கன்ட்ரோல் மாட்யூல் மட்டும் ஷீல்டு, ஆர்மர், ஹல் (கப்பலின் உடல்) மூன்றுக்கும் உதவும் என்பதால் எந்தக் கப்பலிலும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம்.

அதே மாட்யூலையே திரும்பத் திரும்ப மாட்டுகிறவர்களும் உண்டு. டேமேஜையோ ரெசிஸ்டன்ஸையோ கூட்டும் ஒரே வகை மாட்யூல்களில் முதலாவதன் பலன் முழுதாக வரும். இரண்டாவதுக்குச் சுமார் 87 சதவீதம், மூன்றாவதுக்கு 57, நான்காவதுக்கு 28. மூன்றாவதிலேயே யோசிக்க வேண்டும், நான்காவது வீண்.

ஆயுதங்கள் போகும் ஹை ஸ்லாட்டில், கிட்டத்தில் அடிக்கும் இரண்டு ஆட்டோகேனனும் எட்டி அடிக்கும் ஒரு ஆர்ட்டிலரியும் போடாதீர்கள். ஒன்று எட்டும் தூரத்தில் இன்னொன்றுக்கு வேலை இருக்காது.

கெப்பாசிட்டர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. என்பிசிகளை (கேமே இயக்கும் எதிரிகளை) அடிக்கும் ஃபிட்டிங்கில் பழகியவர்கள், கெப்பாசிட்டர் தீரவே கூடாது என்று ரீசார்ஜர்களாக அடுக்குகிறார்கள். ஃப்ரிகேட் சண்டை பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும், அதுவரை தாங்கினால் போதும். உண்மையில் பயப்பட வேண்டியது உங்கள் கெப்பாசிட்டரைக் காலி செய்யும் எதிரியின் எனர்ஜி நியூட்ரலைசருக்கு. லேசரும் பிளாஸ்டரும் கெப்பாசிட்டர் காலியானால் நின்றுவிடும், ஆட்டோகேனனும் மிசைலும் நிற்காது. இன்கர்சஸில் ஆன்சிலரி ஆர்மர் ரிப்பேரர் போட்டிருந்தால் அதில் நிரப்பும் நானைட் பேஸ்ட் கூடுதலாக எடுத்துக்கொண்டு போங்கள். பேஸ்ட் இருக்கும்வரை அது மூன்று மடங்கு ரிப்பேர் செய்யும். எட்டு சுற்றில் தீர்ந்து, மறுபடி நிரப்ப ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்வீர்கள் என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

மாட்யூல்களைத் தாங்கக் கப்பலில் இருக்கும் சிபியூவோ பவர்கிரிடோ பத்தவில்லை என்றால் உடனே ரிக்கையோ (கப்பலில் நிலையாகப் பொருத்தும் மேம்பாட்டையோ) விலை உயர்ந்த ஃபேக்ஷன் மாட்யூலையோ தேடிப் போக வேண்டாம். பெயரில் காம்பாக்ட் என்று வரும் மலிவு மாட்யூல்களுக்குக் குறைந்த சிபியூவோ பவர்கிரிடோ போதும், ஒன்றை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ரிக் ஒருமுறை போட்டால் உடைக்காமல் எடுக்க முடியாது. அதனால் கேமிலேயே இருக்கிற சிமுலேஷனில் முழு ஃபிட்டிங்கையும் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் மார்க்கெட்டுக்குப் போங்கள். அதே ஃபிட்டிங்கில் ஐந்தாறு கப்பல் மொத்தமாக வாங்கி வைப்பது நல்லது, முதல் சில கப்பல்கள் எப்படியும் வெடிக்கும். ஒவ்வொன்றின் கார்கோவிலும் கிட்டத்தில் அடிக்க ஒரு வகை, எட்டி அடிக்க ஒரு வகை என்று இரண்டு விதக் குண்டுகள் இருக்கட்டும்.