சமோவா நாளிதழ்ச் செய்தியைத் தமிழாக்கும் முறை

சமோவாவிலிருந்து வரும் செய்தியைத் தமிழாக்க உட்காரும் உதவியாசிரியர், அது எந்தச் சமோவா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆப்பியாவைத் தலைநகராகக் கொண்டது 1962இல் நியூசிலாந்திடமிருந்து விடுதலை பெற்ற தனி நாடு. ‘சமோவா நியூஸ்’ வெளிவரும் பாங்கோ பாங்கோவோ அமெரிக்க ஆட்சிப்பகுதியான அமெரிக்க சமோவாவில் இருக்கிறது. சேலம் பதிப்பு ஒன்றில் இரவுப்பணி பார்த்த நாளில் அமெரிக்க சமோவா ஆளுநர் சொன்னதைத் தனி நாட்டின் பிரதமர் சொன்னதாக அச்சேற்றியவன் நான். ஏற்காட்டு வாசகர் ஒருவர் அஞ்சலட்டையில் திருத்தி எழுதினார்.

அடுத்து, செய்தி எந்த இதழிலிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜெர்மானியர் ஆட்சியில் 1905இல் தொடங்கிய ‘சவாலி’ அரசு இதழ். சவேயா சானோ மாலிஃபா 1978இல் தொடங்கிய ‘சமோவா அப்சர்வர்’ தனியார் நாளிதழ்; ஊழலை எழுதிவந்த காலத்தில், 1994இல், அதன் அச்சகம் தீக்கிரையானது. குற்றவியல் அவதூறுச் சட்டம் அங்கே 2013இல் நீக்கப்பட்டு 2017இல் திரும்ப வந்துவிட்டது. ஆகவே அந்நாட்டு நிருபர் ‘என்று கூறப்படுகிறது’ எனத் தயங்கி எழுதிய இடத்தில், வாக்கியம் சுருங்கட்டும் என்று நாம் அதை வெட்டிவிடக் கூடாது. நம் பக்கத்திலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் அவதூறு பற்றிய 356ஆம் பிரிவு இருக்கிறது.

பெயர்களில்தான் அதிகம் சறுக்கும். ‘துயிலாயெபா சாயிலெலெ மாலியெலெங்காவோய்’ என்ற முன்னாள் பிரதமரின் பெயரில் முதற்சொல் பெற்றோர் இட்ட பெயரன்று. குடும்பம் கூடி அளிக்கும் ‘மாத்தாய்’ பட்டம். சேர்வராயன் மலைக் கிராமங்களில் ஊர்க்கவுண்டர் என்றால் அது பொறுப்பைக் குறிக்கும், ஆளின் பெயர் தனியே நிற்கும். சமோவாவிலோ பட்டமே பெயராகிவிடுவதால், புதுப் பட்டம் பெற்றவர் அதே நாளிதழில் வேறு ஆள்போலத் தோன்றுவார். ஒரே பட்டத்தைப் பலர் தாங்குவதும் உண்டு. எனவே முதல் குறிப்பில் முழுப்பெயரையும் எழுதுங்கள். பட்டம் உள்ளவரே நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க முடியும் என்பதால், பட்டத் தகராறு அங்கே அரசியல் செய்தியாகவும் ஆகக்கூடும். எழுத்தில் வரும் ‘ஜி’ (g) சமோவா மக்களின் வாயில் ‘ங்’ என்பதையும் மறக்க வேண்டாம்.

‘ஃபோனோ’வைப் பஞ்சாயத்து என்று எழுதினால் நம் வாசகர் வாக்குப்பெட்டியை நினைப்பார், அது பட்டத்தவர் கூடும் கிராம அவை, 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டம் விதிக்கவும் வல்லது. ‘இஃபோங்கா’வை வெறும் மன்னிப்பு என்று சுருக்கினால் பாதிச் செய்தி போய்விடும். குற்றம் செய்தவரின் குடும்பத்தார், தம் தலைவரை முன்னிறுத்தி, பாதிக்கப்பட்டவர் வீட்டு முன் நுணுக்கமாகப் பின்னிய பாயைப் போர்த்திக் குனிந்து அமர்ந்திருப்பர்; வீட்டார் வந்து அந்தப் பாயை விலக்கினால்தான் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். பாய் விலகியதா என்பதைச் செய்தியில் தேடி, அதை முதல் பத்தியிலேயே வையுங்கள்.

கடைசியாக நாள். தனி நாடான சமோவா நமக்கு ஏழரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை 6 மணி என்றால் சேலத்தில் முந்தைய இரவு 10.30, பக்கம் முடிக்கும் நேரம். தேதி மாறும் பன்னாட்டு நாட்கோட்டின் மறுபக்கம் மாறியதில் 2011 டிசம்பர் 30 அந்நாட்டு நாட்காட்டியிலேயே இல்லாமல் போயிற்று. அதனால் ‘இன்று’, ‘நேற்று’ என்று எழுதாமல் கிழமையையும் தேதியையும் போட்டு, ‘சமோவா நேரப்படி’ என்று சேர்த்துவிடுங்கள்.