சாஹெல் கூட்டணி சறுக்கிய இடங்கள்

சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் உள்ள மொரிட்டானியா, மாலி, புர்கினா பாசோ, நைஜர், சாட் ஆகிய ஐந்து நாடுகள் 2014-இல் ஜி5 சாஹெல் அமைப்பைத் தொடங்கின. பாதுகாப்பும் வளர்ச்சியும் சேர்ந்தே நடக்கும் என்றுதான் சொன்னார்கள். 2017-இல் கூட்டுப்படை உருவானதும் பேச்செல்லாம் படை, நிதி, தளவாடம் என்றாகிவிட்டது.

‘முதலில் பாதுகாப்பு, மற்றவை பிறகு’ என்ற வரிசைதான் முதல் தவறு. தீவிரவாதிகளை ஒடுக்க அங்கே வந்த பிரான்சின் ‘பர்கான்’ படையில் ஒரு கட்டத்தில் 5,000 வீரர்களுக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் ஆயுதக் குழுக்களை விரட்டிய பல ஊர்களுக்கு நீதிபதியோ ஆசிரியரோ வந்து சேரவில்லை. படை நகர்ந்ததும் பழைய குழுவே திரும்பி வந்து, மேய்ச்சல் நிலத் தகராறுக்குத் தீர்ப்பும் சொன்னது.

அதைவிட மோசமானது, படையின் வசதிக்காக மக்களின் பிழைப்பில் கை வைப்பது. நைஜரின் டிஃபா பகுதி மிளகாய்க்குப் பேர்போனது. அங்கே அதைச் ‘சிவப்புத் தங்கம்’ என்பார்கள். 2015-இல் அண்டை நாடான நைஜீரியாவின் தீவிரவாதக் குழு போக்கோ ஹராம் தாக்கியதும் நெருக்கடிநிலை அறிவித்தார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை. மீன், மிளகாய் வியாபாரத்துக்கும் கட்டுப்பாடு. போக்கோ ஹராமுக்குப் பணம் போகக்கூடாது என்பது காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மோட்டார் சைக்கிளில் பயணிகளை ஏற்றிப் பிழைத்த இளைஞனுக்கு மாற்றுவழி என்ன என்று யார் யோசித்தார்கள்? ஆள் சேர்ப்பவர்கள் வலைவீசியதும் அவனைப் போன்றவர்களுக்குத்தான்.

பொருளாதாரத் தடை போன்ற படை சாராத கருவி என்றால் மக்களுக்கு வலிக்காது என்று நினைப்பதும் தவறு. 2023 ஜூலையில் நைஜரில் ஆட்சிக்கவிழ்ப்பு நடந்ததும், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு எல்லையை மூடியது, படையெடுப்போம் என்றும் மிரட்டியது. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. அவதிப்பட்டது பொதுமக்கள், பலனடைந்தது ராணுவ ஆட்சி. செப்டம்பரிலேயே மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் தனிக் கூட்டணி அமைத்து, 2025 ஜனவரியில் கூட்டமைப்பை விட்டே வெளியேறின. ஜி5 அமைப்பு அதற்கு முன்பே கலைந்துவிட்டது.

அதே ஐவரில் மொரிட்டானியாவின் கதை வேறு. 2010-இல் அங்கே மார்க்க அறிஞர்களைச் சிறைக்கு அனுப்பித் தீவிரவாதக் கைதிகளோடு வாதிடச் செய்தார்கள். கிழக்கில் ஒட்டகப் படையினர் ரோந்து போகும்போதே மேய்ப்பர்களுக்கு மருத்துவ உதவியும் செய்கிறார்கள். புது ஆள் நடமாட்டத்தை முதலில் சொல்வது அந்த மேய்ப்பர்கள்தான். 2011-க்குப் பிறகு நாட்டுக்குள் பெரிய தாக்குதல் இல்லை. அல்-காய்தாவுடன் ரகசிய உடன்பாடு இருந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. அரசு அதை மறுக்கிறது.