முகவருக்கு நாவலை அனுப்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாவலை எழுதி முடித்து நேரே பதிப்பாளரிடம் கொடுப்பதுதான் தமிழில் வழக்கம். இலக்கிய முகவர், அதாவது எழுத்தாளர் சார்பில் புத்தகத்தின் உரிமையைப் பதிப்பாளரிடம் விற்றுக் கொடுப்பவர், பெரும்பாலும் அந்த நாவல் ஆங்கிலத்துக்கோ வேறு மொழிக்கோ போகும்போதுதான் நடுவில் வருகிறார். 2023 ஜனவரியில் சென்னை சர்வதேசப் புத்தகக் காட்சி தொடங்கிய பிறகு, மொழிபெயர்ப்பு உரிமை என்ற பேச்சை இங்கே வடசென்னையின் தண்டையார்பேட்டையிலும் கேட்க முடிகிறது. ராயபுரம், வியாசர்பாடி பக்கம் எழுதுகிறவர்களின் பிரதிகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது, என் வேலை. கதையில் ஒரு குறையும் இல்லாமல், அனுப்பிய விதத்தாலேயே நல்ல நாவல்கள் திரும்பி வருவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரதிகள் அதிகம் தடுமாறும் இடம் பேச்சுமொழி. முதல் அத்தியாயத்தில் 'இன்னா' என்று கேட்டவர் பத்தாவது அத்தியாயத்தில் 'என்னா' என்கிறார். ஒரு பக்கத்தில் 'சொல்லிகினு', மறுபக்கத்தில் அதே ஆள் 'சொல்லிக்கிட்டு'. ஒரே ஆயா ஒரே மூச்சில் 'வூடு' என்றும் 'வீடு' என்றும் சொல்கிறாள். ஆளுக்கும் இடத்துக்கும் தகுந்தபடி ஒருவர் பேச்சு மாறுவது உண்மைதான். வீட்டில் ஒரு மாதிரி, ஆபீசில் ஒரு மாதிரி பேசாதவர் யார்? ஆனால் அந்த மாற்றத்துக்குக் கதையில் காரணம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மெய்ப்புப் பார்ப்பவர் பாதியைத் திருத்துவார், பாதியை விடுவார். மொழிபெயர்ப்பவர் எதை நம்புவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சமப்படுத்திவிடுவார், உங்கள் ஊரின் குரல் அங்கேயே போய்விடும். ஆகவே எந்தச் சொல்லை எப்படி எழுதியிருக்கிறீர்கள், யார் எப்படிப் பேசுவார், எதில் கை வைக்கக் கூடாது என்று ஒரே ஒரு பக்கத்தில் பட்டியல் போட்டுப் பிரதியோடு சேர்த்துக் கொடுங்கள். கைபேசியில் குரல் வழியாகத் தட்டச்சு செய்கிறவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன வட்டாரச் சொல்லை அது பொதுத்தமிழாக மாற்றிப் போட்டிருக்கலாம்.

வடசென்னை என்றால் எல்லாரும் ஒரே பாஷை பேசுவார்கள் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. காசிமேட்டில் படகு ஓட்டுகிறவர் பேசுவது வேறு. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பாட்டி பேசுவது வேறு. பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், சௌகார்பேட்டையில் கடை வைத்திருப்பவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு தமிழ் இருக்கிறது. சினிமாவில் கேட்ட நாலு சொல்லை எல்லார் வாயிலும் திணித்தால் ஊர்க்காரர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். இந்தப் பேச்சுதான் உங்கள் நாவலின் சொத்து. அதில் அலட்சியம் வேண்டாம்.

ஊர் விவரங்களையும் ஒருமுறை சரிபாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன்பு அது 45 நாளாக இருந்தது. உங்கள் நாயகன் 2019 மே மாதம் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் மீன்பிடிக்கப் போனால் அது சட்டமீறல், கதை அதைத் தெரிந்து சொல்ல வேண்டும். வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்ததே 2019 பிப்ரவரியில்தான். 2015இல் ஒருவர் அங்கே மெட்ரோவில் இறங்கினால், அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் எதையும் வாசகர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

கோப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டச்சுக் கடையில் கொடுத்து அடித்திருந்தால் பழைய எழுத்துருவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யூனிகோடுக்கு மாற்றச் சொல்லி வேர்டு கோப்பாக வாங்குங்கள். இல்லையென்றால் இன்னொருவர் கணினியில் உங்கள் நாவல் வெறும் கிறுக்கலாகத் தெரியலாம். மாற்றிய பிறகு துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர' நிற்கிறதா, 'கௌரி' என்பது 'கெளரி' ஆகியிருக்கிறதா என்று தேடுங்கள். பக்க எண் போடுங்கள். கோப்புக்கு நாவலின் பெயரும் உங்கள் பெயரும் வையுங்கள்.

அணிந்துரை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் முடிந்து பதினைந்தாம் பக்கத்தில் கதை தொடங்கும் பிரதிகள் உண்டு. முகவருக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். அவர் பொதுவாகக் கேட்பது மூன்று: ஒரு பக்கக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் சில அத்தியாயங்கள். கதைச்சுருக்கத்தில் 'மீதியை நாவலில் படிக்கவும்' என்று நிறுத்துகிறார்கள். கூடாது. கொலை செய்தது யார், கடைசியில் யார் ஊரைவிட்டுப் போகிறார், எல்லாவற்றையும் அதில் சொல்லிவிட வேண்டும். முடிவு நிற்கிறதா என்று பார்க்கத்தான் அதைக் கேட்கிறார்கள். முழு நாவலும் கையில் தயாராக இருக்கட்டும். பாதி எழுதிய நாவலை அனுப்பினால், மீதி எங்கே என்று கேட்கும் நாளில் சொல்ல பதில் இருக்காது.

தமிழ் தெரியாத முகவருக்குத் தமிழ்ப் பிரதியை அனுப்பிப் பயனில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர் செய்த மாதிரி அத்தியாயங்கள் வேண்டும். அவருடைய மொழிபெயர்ப்புக்குத் தனியாகப் பதிப்புரிமை உண்டு என்பதால், வேலை தொடங்கும் முன்பே கூலி, பெயர் போடுவது, பங்கு ஆகியவற்றை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

நாவல் ஏற்கெனவே தமிழில் வந்திருந்தால் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். என் மனத்தில் மிகவும் உறுத்துவது இதுதான். முதல் புத்தகம் வருகிற சந்தோஷத்தில், 'அனைத்து உரிமைகளும்' என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் இங்கே நிறையப் பேர். மொழிபெயர்ப்பு உரிமை பதிப்பாளரிடம் போயிருந்தால், அவர் சம்மதம் இல்லாமல் முகவரால் எதையும் விற்க முடியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லை என்றால், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாதபோது அது காலாவதியாகிவிடும். உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, பதிப்பாளரோடு பேசித் தீர்த்த பிறகு முகவரிடம் போங்கள்.

அத்தியாயத் தலைப்பில் சினிமாப் பாட்டு வரிகளைப் போடுவதும் பரவலாக நடக்கிறது. பாடல் வரிகளுக்கு எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. அனுமதி வாங்குங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். கானா என்றால் பொதுச்சொத்து என்று சிலர் நினைக்கிறார்கள். சாவு வீட்டில் பாடிய கானாவுக்கும் எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம், போய்க் கேளுங்கள். உயிரோடு இருக்கும் ஆட்களை அவர்கள் பெயரிலேயே ரவுடியாகவும் துரோகியாகவும் எழுதியிருந்தால் மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றி, தெரு, தொழில், தழும்பு எல்லாவற்றையும் அப்படியே விட்டால் போதாது, அடையாளம் தெரிந்தாலே அவதூறு வழக்குக்கு இடம் உண்டு.

பணம். முகவர் புத்தகத்தை விற்றுக் கொடுத்த பிறகுதான் தன் பங்கை எடுப்பார். உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20 சதவீதம் என்பது பரவலான வழக்கம். படிப்பதற்குக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள். சொந்தக் காசு போட்டு 300 பிரதி அச்சடிப்பது தவறே இல்லை. ஆனால் அது வேறு வழி, அதற்கு முகவர் தேவையில்லை.

தமிழ்ப் பதிப்பாளருக்கும் அனுப்புவதாக இருந்தால் பொங்கலை ஒட்டிய மாதங்களைத் தவிருங்கள். புத்தகக் காட்சி வேலையில் அப்போது அவர்களுக்குப் புதுப் பிரதியைத் திறக்க நேரமிருக்காது. முகவர்கள் பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாம், ஆனால் ஒரே மின்னஞ்சலில் எல்லார் முகவரியையும் போட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் எழுதி, மற்றவர்களுக்கும் அனுப்பியிருப்பதை அதில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.