வீட்டில் சுகர் பார்க்கும் மிஷின்: வாங்குவதும் சரியாகப் பார்ப்பதும்

மருந்துக்கடையில் குளுக்கோமீட்டர் கேட்டால் கருவியின் விலையைத்தான் முதலில் சொல்வார்கள். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கருவி ஒருமுறைச் செலவு, ரத்தத்துளியை வைக்கும் ஸ்ட்ரிப் மாதாமாதச் செலவு. ஒரு மாடலுக்கான ஸ்ட்ரிப் பெரும்பாலும் இன்னொன்றில் வேலை செய்யாது. அதனால் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: ஒரு ஸ்ட்ரிப் என்ன விலை விழுகிறது? நம் தெருக்கடையில் எப்போதும் கிடைக்குமா?

சோதனை நடப்பதும் ஸ்ட்ரிப்பில்தான். அதில் ஒரு நொதி பூசியிருக்கும். ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் அந்த நொதியோடு வினைபுரியும்போது உண்டாகும் சிறு மின்னோட்டத்தை அளந்து, பெரும்பாலான கருவிகள் அதை எண்ணாகக் காட்டுகின்றன. ரீடிங் விநோதமாக வந்தால் கருவிக்கு முன்னால் ஸ்ட்ரிப்பையும் விரலையும் சந்தேகியுங்கள்.

வாங்கும்போது

பெட்டியிலோ கையேட்டிலோ ஐஎஸ்ஓ 15197:2013 என்று இருக்கிறதா பாருங்கள். லேப் அளவு 100க்குக் கீழே இருந்தால் 15 மி.கி. வித்தியாசத்துக்குள்ளும், 100க்கு மேல் இருந்தால் 15 சதவீத வித்தியாசத்துக்குள்ளும் நூற்றில் 95 ரீடிங்காவது வர வேண்டும் என்பது அந்தத் தரத்தின் முக்கிய விதி. ஒவ்வொரு ஸ்ட்ரிப் டப்பாவுக்கும் கருவியில் குறியீட்டு எண் (code) மாற்றத் தேவையில்லாத கருவியாக எடுங்கள். வயதானவர்களுக்கு எண் பெரிதாகத் தெரிய வேண்டும்.

ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். எந்த ஹீமாடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளவு வரை சரியாக வேலை செய்யும் என்பது ஸ்ட்ரிப்புடன் வரும் தாளில் இருக்கும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம். அதில் பயன்படும் ஒருவகைத் திரவத்திலிருந்து வரும் மால்டோஸ் என்ற வேறு சர்க்கரையைச் சில ஸ்ட்ரிப்புகள் குளுக்கோஸாக எண்ணிவிடும். இது உயிருக்கே ஆபத்தான தவறு.

சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் அனுப்பிய கருவி என்றால் 5.5, 8.2 என்று காட்டும். அங்கே அளவு மில்லிமோலில். 18ஆல் பெருக்கினால் நம் மி.கி. கணக்கு வந்துவிடும், 5.5 என்பது 99. ஆனால் அதற்கான ஸ்ட்ரிப் இங்கே கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரிப் டப்பா

ஸ்ட்ரிப்புக்குப் பகை ஈரமும் சூடும். டப்பாவுக்குள்ளேயே ஈரம் உறிஞ்சும் பொருள் இருப்பதால் ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. ஒன்றை எடுத்ததும் மூடியை அழுத்தி மூடிவிட்டுத்தான் மற்ற வேலை. சமையலறை அலமாரி, வெயிலில் நிற்கும் கார், ஃப்ரிட்ஜ் மூன்றும் வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்தால் உள்ளே ஈரம் படியும்.

திறந்த தேதியை டப்பா மேல் பேனாவால் எழுதுங்கள். திறந்தபின் 3 மாதமா 6 மாதமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 3 மாத ஸ்ட்ரிப்பை வாரம் இரண்டு முறை பயன்படுத்தினால் 26தான் செலவாகும். மலிவு என்று 50 ஸ்ட்ரிப் உள்ள ஒரே டப்பாவை வாங்கினால் பாதி வீண்.

பார்க்கும் முறை

1. சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். கருவி எடுக்கும் ரத்தம் அரை மைக்ரோ லிட்டர் என்று வையுங்கள். சுகர் 100 இருந்தால் அந்தத் துளியில் இருக்கும் குளுக்கோஸ் அரை மைக்ரோ கிராம், ஒரு சீனிப் பரலின் எடையில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மாம்பழம் நறுக்கிய விரலில் இன்னொரு அரை மைக்ரோ கிராம் ஒட்டியிருந்தால் போதும், 100 என்பது 200 ஆகிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது கழுவுவதற்கு ஈடாகாது. அப்படித் துடைத்தாலும் நன்றாகக் காயவிட வேண்டும். கையில் தண்ணீர் இருந்தால் ரத்தம் நீர்த்து அளவு குறைந்து காட்டும்.

2. விரலில் குத்தும் பேனாவில் புது லான்செட் (ஊசி) போடுங்கள். எண் கூடக்கூட ஊசி மெலியும், 30ஜி பலருக்கும் ஒத்துவரும். பேனாவில் ஆழ எண்ணை 2இல் தொடங்கி, ரத்தம் வராவிட்டால் ஒன்று கூட்டுங்கள். ஒருவர் லான்செட்டை இன்னொருவர் தொடவே கூடாது.

3. ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். திரையில் துளிப் படம் வரும்வரை காத்திருங்கள்.

4. கையை அரை நிமிடம் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நுனி நோக்கி நீவிவிடுங்கள். நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். நுனியின் நட்டநடுவில் வலி அதிகம். தினமும் விரலை மாற்றுங்கள்.

5. ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழியாதீர்கள். திசுநீர் கலந்து அளவு தப்பும். இன்னொரு முறை குத்துவதே மேல். கை கழுவ வழியில்லாத இடத்தில் முதல் துளியைக் காய்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவதைப் பயன்படுத்துங்கள்.

6. துளியின் ஓரத்தில் ஸ்ட்ரிப் நுனியைத் தொட்டால் போதும், தானே உறிஞ்சிக்கொள்ளும். துளி பத்தாமல் பிழை காட்டினால் அதே ஸ்ட்ரிப்பில் மறுபடி ரத்தம் வைக்காதீர்கள். அதற்கு இடம் கொடுக்கும் கருவிகள் சில உண்டு, கையேட்டில் சொல்லியிருப்பார்கள்.

7. எண்ணோடு நேரம், என்ன சாப்பிட்டது, எந்த மருந்து என்று நோட்டில் எழுதுங்கள். லான்செட்டைக் கனமான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மூடி, தனியாகக் கொடுங்கள். குப்பை பிரிப்பவர் கையில் குத்தக் கூடாது.

எப்போது பார்ப்பது?

வெறும் வயிறு என்றால் காலைக் காபிக்கும் முன்பு. சாப்பிட்ட பின் இரண்டு மணி என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டியது. இன்சுலின் போடாதவர்கள் தினமும் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. ஒருநாள் இட்லிக்கு முன்னும் பின்னும், இன்னொரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் என்று ஜோடியாகப் பாருங்கள். எந்த வேளை சுகரை ஏற்றுகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். பெரியவர்கள் பலருக்கும் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின்பு 180க்குள் என்பது பொதுவான இலக்கு. கர்ப்பிணிகளுக்கு இன்னும் குறைவு, முதியவர்களுக்குச் சற்றுத் தளர்வு. உங்கள் இலக்கை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

லேப் அளவோடு ஒப்பிட விரும்பினால் வெறும் வயிற்றில், லேபில் ரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் விரலிலும் பாருங்கள். லேப் 200 சொன்னால் கருவி 170 முதல் 230 வரை காட்டலாம், அது பழுதல்ல. சாப்பிட்டபின் விரல் ரத்தத்தில் சுகர், லேபில் கையின் ரத்தக்குழாயிலிருந்து எடுக்கும் ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும், அந்த ஒப்பீடு வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் அந்தக் கம்பெனியின் கன்ட்ரோல் சொல்யூஷனை (குளுக்கோஸ் அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) ஸ்ட்ரிப்பில் வைத்துப் பாருங்கள். வர வேண்டிய அளவு ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சாகியிருக்கும்.

70க்குக் கீழே வந்தால்

மறுபடி மறுபடி சோதித்துக்கொண்டிருக்காமல் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறாவிட்டால் மறுபடி அதே அளவு. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சீனி உடனே உதவாது. சீனி உடைந்து குளுக்கோஸ் ஆவதைத்தான் அந்த மாத்திரை தாமதமாக்குகிறது. அவர்கள் குளுக்கோஸ் பவுடரைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

திரையில் எண்ணுக்குப் பதில் 'ஹை' என்று வந்தால், பல கருவிகளில் 600க்கு மேல் என்று பொருள். கையைக் கழுவிப் புது ஸ்ட்ரிப்பில் ஒருமுறை பாருங்கள். மறுபடி அதுவே வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் ஏதாவது கூடவே இருந்தால் இரண்டாவது சோதனைக்காக நிற்கக்கூட வேண்டாம்.