பழைய கிளாசிக்கா, புது ஸ்போர்ட்ஸ் காரா: கையில் பணத்தோடு போகுமுன்

1974 மாடல் போர்ஷே 911-இன் அடிப்படை வண்டிக்கு 150 குதிரைத்திறன். இன்றைய அடிப்படை 911-க்கு ஏறத்தாழ 390. காகிதத்தில் இரண்டையும் ஒப்பிட்டால் பழையது தோற்றுத்தான் போகும். ஆனால் அந்த 150 குதிரையை வைத்துக்கொண்டு மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு வளைவை எடுக்கும்போதே கை, கால், காது மூன்றுக்கும் வேலை இருக்கும். புதியதில் அந்த அளவு வேலை வருவதற்குள் வேக வரம்பை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். அதனால் எது வேகம் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். வண்டி வாரத்தில் எத்தனை நாள் ஓடும், இரவில் எங்கே நிற்கும், யார் கை வைப்பார் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

தினமும் வேலைக்குப் போய்வர என்றால் புதியதே. மழை, நெரிசல், ஏசி, குழந்தை இருக்கை என எதற்கும் பழைய கார் வளைந்து கொடுக்காது. வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓட்டுவேன் என்பவருக்குப் பழையது பொருந்தும். வாங்கி மூடி வைப்பவருக்கு இரண்டுமே பொருந்தாது, அதிலும் பழையது சுத்தமாகப் பொருந்தாது. சில மாதம் சும்மா நின்றால் கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படியும், பிரேக் கேலிப்பர் பிஸ்டன் துருவேறி இறுகும், ஆயில் சீல்கள் காய்ந்து கசியும். புதிய காரில் முதலில் விழுவது பேட்டரி. அலாரமும் கம்ப்யூட்டர்களும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் சில வாரத்தில் இறங்கிவிடும். அதற்கு ஒரு பராமரிப்பு சார்ஜர் போதும். பழைய காரின் கோளாறுகளுக்கு அப்படி ஒற்றை மருந்து கிடையாது.

கூரையுள்ள, காய்ந்த இடம் இல்லையென்றால் பழைய காரை மறந்துவிடலாம். துருவோடு போட்டி போட்டு யாரும் ஜெயித்ததில்லை.

மெக்கானிக்கைப் பிடித்த பிறகு காரைத் தேடுங்கள்

கார்பரேட்டர் ட்யூனிங், பாயிண்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனைகள்) இடைவெளி, வால்வு கிளியரன்ஸ் மூன்றையும் காதால் கேட்டும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடால் அளந்தும் சரிசெய்யத் தெரிந்த ஒருவர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும். கஷ்டமான வேலையில்லை, ஆனால் ஓயாத வேலை. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் போன்றவற்றில் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர், அது தேய்ந்து குறையும்போது தீப்பொறி விழும் டைமிங்கும் நகர்ந்துவிடும். அதிலுள்ள எஸ்யூ ரகக் கார்பரேட்டரின் மேல் குப்பியில் ஆயில் வற்றினால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் திணறும். இது தெரியாமல் கார்பரேட்டரையே மாற்றுகிறவர்கள் உண்டு.

ஏர்கூல்டு 911-இல் (1998 வரை) ஆயில் அளவைச் சமதளத்தில், இன்ஜின் நன்றாகச் சூடேறி ஐடிலில் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். ஆயில் தனி டேங்கில் இருக்கும் அமைப்பு அது. சாதாரணக் காரைப்போல ஆறிய பிறகு குச்சியை இழுத்தால் வற்றிப்போனதாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால், மிஞ்சிய ஆயில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய்ப் புகை மூட்டமாக வெளியே வரும்.

உதிரிபாகம் கிடைக்குமா என்பதில் வயதைவிட எத்தனை வண்டி விற்றது என்பதுதான் முக்கியம். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதற்கு முழு பாடியையே புதிதாக வாங்க முடிகிறது. சில நூறு மட்டுமே வந்த அபூர்வ மாடல் என்றால் ஒரு முன்கண்ணாடிக்கோ டெயில் லைட்டுக்கோ மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். முதல் கிளாசிக்காக அபூர்வத்தைத் தொடாதீர்கள்.

பழைய காரில் முதலில் பாடி, பிறகுதான் இன்ஜின்

இன்ஜினுக்கு ஒரு கணக்கு உண்டு: பிரித்து, கடைந்து, ரிங் மாற்றிச் சேர்த்தால் முடிந்தது. துருவுக்கு அப்படி எல்லை கிடையாது. ஒரு ஓட்டையை வெட்டினால் பின்னால் இன்னொன்று இருக்கும். தனிச் சேஸி இல்லாத கார்களில், அதிலும் கூரை திறந்தவற்றில், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில்தான் வண்டியின் முதுகெலும்பு. எம்ஜிபியில் அது பல தகடுகளைச் சேர்த்துச் செய்தது. உள்தகடு அரித்துப்போன வண்டிக்கு வெளித்தகடு மட்டும் புதிதாக வைத்துப் பெயின்ட் அடித்து விற்பது வழக்கம்.

கண்டுபிடிக்கும் வழி இது. கதவைச் சாத்தி, கதவின் பின்விளிம்புக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்க வேண்டும். மேலே குறுகிக் கீழே அகன்றால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. அடுத்து, விற்பவர் சம்மதத்தோடு ஒரு பக்கம் ஜாக்கி போட்டுச் சக்கரம் தரையை விட்டு எழும்வரை தூக்கி, கதவை மெல்லத் திறந்து சாத்துங்கள். முன்பு சுலபமாகச் சாத்திய கதவு இப்போது இடிக்கிறது என்றால் சில்லில் பலம் இல்லை. ஜாக்கி வைத்த இடமே கரகரத்து உள்ளே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் கையில் இருக்கட்டும். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான். 300 என்றால் மறுபெயின்ட், அதில் தப்பில்லை. 1000-ஐத் தாண்டினால் கீழே பட்டி இருக்கிறது. மீட்டர் இல்லையென்றால் துணி சுற்றிய காந்தம். ஒட்டாமல் நழுவும் இடம் பட்டிதான். வண்டியின் அடியில் புத்தம்புது கறுப்புப் பூச்சு இருந்தால் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்தது தொப்பென்று சொல்லும். தரைவிரிப்பைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள், ஈரம் இருக்கக் கூடாது. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் துணிக் கூரையின் வடிகால் துளை இலை தூசியால் அடைத்து, தண்ணீர் பின்பக்கச் சில்லில் இறங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே ஓட்டை விழுந்திருக்கும். 911-இன் பாடி 1976 மாடலிலிருந்து முழுக்கத் துத்தநாகப் பூச்சுள்ளது. விபத்தில் டிங்கரிங் பார்த்த இடத்துக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இருக்காது.

இன்ஜினைப் பார்க்கப் போகும்போது, முன்கூட்டி ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் திறந்து கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஸ்டார்ட்டிங் டிரபிள் எதையோ மறைக்கிறார்கள். சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டே ஒவ்வொரு சிலிண்டராகப் பாருங்கள். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் வித்தியாசம் 10, மிஞ்சிப்போனால் 15 சதவீதம். குறைந்த சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஓட்டும்போது மேட்டில் மிதித்தால் நீலப் புகை வருவது ரிங், இறக்கத்தில் காலை எடுத்து மறுபடி மிதித்ததும் குப்பென்று வருவது வால்வு கைடு அல்லது சீல். கியர்பாக்ஸில் இரண்டாவது கியரைத்தான் கவனிக்க வேண்டும். கியர் இடிக்காமல் விழ உதவும் சின்க்ரோ முதலில் தேய்வது பெரும்பாலும் அங்கேதான்.

புதியதில் ஸ்கேனர்தான் கண்

அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ஸ்கேனரை மாட்டும் ஓபிடி சாக்கெட் கட்டாயம். பிழைக் குறியீடு இல்லை என்றதும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அதே ஸ்கேனரில், வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்துவிட்டதா என்று காட்டும் ரெடினஸ் பக்கத்தைத் திறங்கள். பல சோதனைகள் முடியாமல் நின்றால், அண்மையில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகு மறுபடி பார்க்கக் கேளுங்கள். போர்ஷே போன்ற சில வண்டிகளின் கம்ப்யூட்டரில் இன்ஜின் சிவப்புக் கோட்டைத் தாண்டிச் சுழன்ற பதிவும் இருக்கும். ஐந்தாவதுக்குப் பதில் மூன்றாவது கியர் விழுந்த கதையெல்லாம் அதில் தெரியும்.

புதியது என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். 1997 முதல் 2008 வரையான வாட்டர்கூல்டு போர்ஷே 911, பாக்ஸ்டர், கேமன் வண்டிகளில் (டர்போ, ஜிடி3 நீங்கலாக) இன்ஜினுக்குள் கேம்களை ஓட்டும் இடைத்தண்டின் பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும். ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள். பேரிங்கை மாற்றியிருந்தால் பில் கேளுங்கள். கியர்பாக்ஸை இறக்கித்தான் அந்த வேலை நடக்கும் என்பதால் கிளட்சோடு சேர்த்தே செய்திருப்பார்கள். ஃபெராரி எஃப்355-இல் டைமிங் பெல்ட் மாற்ற இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். அடுத்து வந்த 360-இல் இருக்கைக்குப் பின்னாலுள்ள மூடியைக் கழற்றினால் கை எட்டும். விலைப் பலகையில் இந்த வித்தியாசம் தெரியாது, முதல் பெரிய சர்வீஸில் தெரியும்.

நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் இன்டேக் வால்வைக் கழுவாமல் நேரே சிலிண்டருக்குள் போகிறது. அதனால் வால்வின் முதுகில் கரி ஏறி, ஐடிலிங் நடுங்கும். வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சித்தான் சுத்தம் செய்வார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் இருபதாம் வயதில் வரும். பழைய காரின் ஒரு புஷ்ஷை லேத்தில் கடைந்து போட்டுவிடலாம். அந்த வண்டிக்கென்றே கோடிங் செய்த ஒரு கட்டுப்பாட்டு மாட்யூல் செத்து, கம்பெனியும் அதை நிறுத்திவிட்டால் கடைய ஒன்றுமில்லை. நீண்ட காலம் வைத்துக்கொள்ள நினைப்பவர் தொடுதிரைக்குள் ஏசி, சஸ்பென்ஷன் எல்லாம் அடங்கிய மாடலைத் தவிர்ப்பது நல்லது.

எங்கள் கையைப் பிடித்துக் கேட்டால், முதல்முறை வாங்குபவருக்கு இரண்டுக்கும் நடுவே, 1990-களில் வந்தவற்றையே சொல்வோம். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இருப்பதால் காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும், பலவற்றில் ஏபிஎஸ், ஏர்பேக் உண்டு, திரை கிடையாது. 1989 முதல் 1997 வரை வந்த எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல உதாரணம், எடையும் ஒரு டன்னை ஒட்டித்தான். அதிலும் ஏறத்தாழ 1991 வரை வந்த வண்டிகளில் கிராங்க் தண்டின் முனை குட்டை. போல்ட் தளர்ந்து, புல்லியைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு இழைந்துவிடும். ஐடிலில் ஓடவிட்டு முன்பக்க கிராங்க் புல்லியைப் பாருங்கள். தள்ளாடிச் சுற்றினால் அந்த வண்டி வேண்டாம்.

பழையதை எடுப்பதென்றால் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்கு ஒதுக்குங்கள். பாதி பிரித்துப் போட்ட வண்டி மலிவாகக் கிடைத்தால் ஒதுங்குங்கள், அதை முடிக்கும் செலவுக்கு முடித்த வண்டியையே வாங்கலாம். இன்சூரன்ஸை முன்கூட்டி ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். இல்லையென்றால் வயதைக் காரணம் காட்டிக் கழித்துவிடுவார்கள்.

வாங்கிய வாரமே செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிட்டு, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயர் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மூன்றே எண் இருந்தால் டயர் 2000-க்கு முந்தையது, அதன்மேல் வீட்டுக்குக்கூட ஓட்டி வராதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கரைக்கும் என்பதால் பெட்ரோல் குழாய்கள் அத்தனையையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றி, கிளிப்புகளையும் புதிதாகப் போடுங்கள். தட்டை டேப்பட் (கேம் நேரே உரசித் தள்ளும் பாகம்) உள்ள பழைய இன்ஜினுக்கு இன்றைய மெல்லிய ஆயில் ஆகாது. துத்தநாகச் சேர்ப்பு அதிகமுள்ள 20டபிள்யூ-50 பாருங்கள், இல்லாவிட்டால் கேம் தேயும். இவை முடியும்வரை ஒரு தீயணைப்புக் கருவியை ஓட்டுநர் இருக்கையிலிருந்து கை எட்டும் இடத்தில் பொருத்தி, பக்கத்துத் தெருக்களிலேயே ஓட்டிப் பழகுங்கள்.