இரண்டு கிட்டுகளிலிருந்து ஒரு கார்: மாடல் கார் பாகங்களைக் கலந்து கட்டும் முறை

ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் வரும் ஒரு மாடல் கார் கிட்டின் பாடியையும் வேறொரு கிட்டின் சேசிஸையும் (அடிச்சட்டம்) எஞ்சினையும் சேர்த்து, எந்தப் பெட்டியிலும் கிடைக்காத ஒரு காரைக் கட்டுவதைக் கிட்பேஷிங் என்பார்கள். இதில் இறங்குபவர்களில் பலர் பாடியின் அழகில் மயங்கி அதிலிருந்தே தொடங்குகிறார்கள். நானும் முதல் மூன்று கார்களை அப்படித்தான் தொடங்கினேன். அவற்றில் ஒன்றுகூட முடிந்தபாடில்லை. கார் நிற்குமா நிற்காதா என்பதைத் தீர்மானிப்பது பாடிக்கு அடியில் இருக்கும் சேசிஸ்தான் என்பதால், ரம்பத்தைத் தொடுவதற்கு முன், நுட்பமாக அளக்க உதவும் காலிப்பரை எடுக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது அளவு விகிதம். 1/24 என்றால் மாடல் உண்மையான காரின் இருபத்து நான்கில் ஒரு பங்கு என்று பொருள். தமியா, ஃபுஜிமி, அவோஷிமா போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் கார் கிட்டுகள் பெரும்பாலும் 1/24 அளவிலும், ஏஎம்டி முதலான அமெரிக்கக் கிட்டுகள் பெரும்பாலும் 1/25 அளவிலும் வருகின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 4 சதவீதம்தான் என்றாலும், 4.8 மீட்டர் நீளமுள்ள கார் 1/24 அளவில் 200 மி.மீ., 1/25 அளவில் 192 மி.மீ. என்று வரும்போது அந்த 8 மி.மீ. எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நாம் விழிக்க நேரிடும். ஆனால் எல்லாப் பாகங்களுக்கும் இந்தக் கவலை தேவையில்லை. 15 அங்குல ரிம் ஒன்று 1/24 அளவில் 15.9 மி.மீ., 1/25 அளவில் 15.2 மி.மீ.; உண்மையான கார்களிலேயே ரிம்மை ஓர் அங்குலம் கூட்டியும் குறைத்தும் மாட்டுகிறார்கள் என்பதால், சக்கரங்களைத் தாராளமாக மாற்றிப் போடலாம். இருக்கை, ஸ்டீயரிங், எஞ்சின் ஆகியவையும் அப்படித்தான். ஒன்றோடொன்று விளிம்பு சேர வேண்டிய பாகங்களில், அதாவது பாடியும் முன்கண்ணாடியும், பாடியும் சேசிஸும் கூடும் இடங்களில்தான் 4 சதவீதம் கண்ணை உறுத்தும்.

எனவே மூன்று அளவுகளை எடுத்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முன், பின் அச்சுகளுக்கு இடையிலான வீல்பேஸ் ஒன்று. வலது, இடது டயர்களின் வெளிப்பக்கங்களுக்கு இடையிலான அகலம் மற்றொன்று. இது பாடியின் உட்புற அகலத்தைவிடப் பக்கத்துக்கு 1 மி.மீ.யாவது குறைவாக இருந்தால்தான் சக்கரம் உரசாமல் உள்ளே போகும். மூன்றாவது, தரையிலிருந்து பாடியின் கீழ் விளிம்பு வரை உள்ள உயரம். பெட்டியில் அச்சிட்ட விகிதத்தை நம்பி இந்த வேலையைத் தவிர்க்கக் கூடாது.

அளந்த பிறகு, எதையும் ஒட்டாமல் மாஸ்கிங் டேப்பாலும், சுவரில் படம் ஒட்டப் பயன்படும் களிமண் போன்ற பசையாலும் பாகங்களைத் தற்காலிகமாகச் சேர்த்து, காரை மேசைமீது வைத்து, கண்ணைச் சக்கரத்தின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது சரியாகத் தெரியும் கார், இந்தக் கோணத்தில் பார்த்தால் பின்சக்கரம் வளைவின் நடுவில் இல்லாமல் 2 மி.மீ. முன்னால் நிற்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். பாடியை மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளின்மேல் ஏற்றி இறக்கி, எந்த உயரம் பொருந்துகிறது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

வீல்பேஸ் ஒத்துவராவிட்டால் சேசிஸை வெட்ட வேண்டும். பாடியை வெட்டக் கூடாது. கதவும் சக்கர வளைவும் உள்ள பாடியைச் சுருக்கினால் காரின் முகமே மாறிவிடும், சேசிஸோ கவிழ்த்துப் பார்த்தால் மட்டுமே தெரிவது. 2.7 மீட்டர் வீல்பேஸ் 1/24 அளவில் 112.5 மி.மீ., 1/25 அளவில் 108 மி.மீ.; ஆகவே 1/24 சேசிஸை 1/25 பாடிக்குள் நுழைக்க 4.5 மி.மீ. நீக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் பகுதியையும் பின் சஸ்பென்ஷனையும் தொடாமல், இருக்கைகளுக்கு அடியில் வரும் தரைப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அதைக் குறுக்கே ஒரே நேர்கோட்டில் வெட்டினால் ஒட்டிய இடம் கீல் போல மடங்கும். அதனால் இடது பாதியில் ஓரிடத்திலும், வலது பாதியில் அதற்கு 15 மி.மீ. பின்னாலும், இரண்டிலும் சரியாக 4.5 மி.மீ. பட்டையை எடுத்துவிட்டு, நடுவில் இரண்டு வெட்டுகளையும் நீளவாக்கில் இணையுங்கள். படிக்கட்டு போன்ற இந்த வெட்டு, சேர்க்கும்போது தானாகவே நேராக உட்காரும். ரம்பத்தின் கனமும் கொஞ்சம் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்பதால் கோட்டுக்கு உள்பக்கமாக அறுத்து, மீதியை அரத்தால் தேய்த்துக் குறிக்குக் கொண்டுவருவது நல்லது.

வெட்டிய துண்டுகளைச் சமமான கண்ணாடிப் பலகையின்மேல் வைத்து, பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் கரைப்பான் வகைப் பசையை இடுக்கில் ஓடவிட்டு, உள்பக்கத்தில் 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டைப் பட்டையாக ஒட்டி வலுப்படுத்திய பின், ஒரு நாள் முழுவதும் தொடாமல் வைத்திருங்கள். சேசிஸைச் சுருக்கினால் அதன்மேல் உட்காரும் உட்புறத் தொட்டி (இருக்கைகளைத் தாங்கும் பாகம்), டிரைவ் ஷாஃப்ட், புகைக்குழாய் எல்லாவற்றையும் அதே அளவுக்குச் சுருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு, நான் ஒருமுறை இருக்கைகளை பெயின்ட் அடித்து முடித்த பிறகு தொட்டியை அறுத்திருக்கிறேன்.

எஞ்சின் மாற்றத்தில் கண்ணுக்குத் தெரியும் பிரச்சினை பானட் மூடாமல் இடிப்பது. தெரியாத பிரச்சினை அடியில் இருக்கிறது. எஞ்சினின் ஆயில் பேன் முன் குறுக்குச் சட்டத்தில் முட்டினால் எஞ்சின் முன்பக்கம் தூக்கி நிற்கும், கியர்பாக்ஸின் வால் தரைக்குள் இறங்கும். சட்டத்தில் பள்ளம் தோண்டுவதா, எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளி, எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தடுப்பான ஃபயர்வாலை வெட்டுவதா என்பதை ஒட்டாமல் பொருத்திப் பார்க்கும் கட்டத்திலேயே தீர்மானியுங்கள். ஏஎம்டியின் பழைய கிட்டுகள் பலவற்றில் முன்சக்கரங்களின் உலோகக் கம்பி எஞ்சின் பிளாக்கில் உள்ள துளை வழியாகவே செல்லும். அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டால் கம்பியைத் தாங்க ஒன்றும் இருக்காது என்பதால், சேசிஸில் ஒரு சிறு குழாயை ஒட்டிக் கம்பிக்கு இடம் செய்துகொடுக்க வேண்டும். ஜப்பானிய கிட்டுகளிலோ எஞ்சினே இல்லாதவை நிறைய உண்டு. அத்தகைய பாடிக்கு எஞ்சின் வேண்டுமென்றால் எஞ்சினை மட்டும் எடுப்பது வீண்வேலை. ஃபயர்வால், உள் ஃபெண்டர்கள், ரேடியேட்டர் தாங்கி ஆகியவற்றோடு முன்பகுதி முழுவதையும் ஒரே கிட்டிலிருந்து எடுத்து வைப்பதே எளிது.

பசை பிடிக்காத இடங்களும் சில உண்டு. குரோம் பூசிய பாகங்களில் பூச்சின்மேல் பசை தடவினால் பாகம் கையோடு வந்துவிடும். சேரும் இடத்தில் மட்டும் கத்தியால் சுரண்டினால் போதும். முழுப் பூச்சையும் நீக்க வேண்டுமென்றால், கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறவைக்கலாம். அதில் வேறெந்தச் சுத்திகரிப்புத் திரவத்தையும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வெளிவரும். ரெசின் பாகங்களைக் கரைப்பான் பசை ஒட்டாது. சூப்பர் குளூ அல்லது எபாக்ஸிதான் ஒட்டும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, முகமூடி அணிந்துகொண்டு தேய்க்க வேண்டும்.

வெட்டிச் சேர்த்த இடங்களில் பட்டி பார்க்கும்போது, பள்ளம் முழுவதையும் பட்டியால் நிரப்ப நினைப்பது எல்லாரும் செய்யும் தவறு. குழாயில் வரும் பட்டி காயும்போது சுருங்கும், கனமாகப் போட்டால் அடியிலுள்ள பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். பள்ளத்தைப் பிளாஸ்டிக் துண்டுகளால் அடைத்து, தலைமுடி அளவு இடுக்குக்கு மட்டும் பட்டி வைத்து, 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாள் தேய்த்து, அடிப்பூச்சான சாம்பல் பிரைமர் அடித்தால், மறைந்திருந்த கீறல்கள் வெளிவரும். அவற்றை மறுபடியும் நிரப்பித் தேய்ப்பதற்கு இரண்டு மூன்று சுற்றுகள் ஆகலாம். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாடியாக இருந்தால் அந்த நிறம் வெளிர் பெயின்டின் வழியாகக் கசியும் என்பதால், பிரைமர் அதை நன்றாக மூடியிருக்க வேண்டும். பிரைமர் காய்ந்ததும் பாடியைச் சேசிஸில் கடைசியாக ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு, பிறகே நிறத்துக்குச் செல்லுங்கள்.

மிஞ்சிய பாகங்களை எறியாமல் எஞ்சின், ரிம், இருக்கை என்று வகை பிரித்து, எந்தக் கிட்டுக்கு உரியவை, எந்த விகிதம் என்று எழுதிப் பைகளில் போடுங்கள். டயர்களை மட்டும் தனிப் பையில் வைக்க வேண்டும். வினைல் டயரிலிருந்து கசியும் பொருள் பிளாஸ்டிக்கை நாளடைவில் உருக்கிவிடும். பல ஆண்டுகள் சேர்த்து வைத்திருந்த என் பெட்டி ஒன்றைத் திறந்தபோது, நான் தேடிய பானட்டின் நடுவில் ஒரு டயரின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது.